தவளைக்குள் இருந்த இஞ்சின்

மஞ்சள் காமாலை வந்து நான் இரண்டு மாதம் படுத்துக் கிடந்தேன். அந்த இரண்டு மாதமும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு வந்த அத்தனை பேஜாரும் அந்தத் தெரியாமையிலிருந்து வந்ததுதான்.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருந்தது எங்கள் ஒர்க்‌ஷாப். எங்கள் என்றால் எனக்கும் என் தங்கச்சி புருஷனுக்கும். தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பே அவன் எனக்குக் கூட்டாளி. அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் வா, போ தான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்த் தொழில் படித்தவர்கள் இல்லை. லாரி செட்டில் கிரீஸ் துடைத்துத் துடைத்துத் தெரிந்துகொண்டதுதான். எதிரில் டீக்கடை வைத்திருந்த அக்கா சொல்லும்: "உங்க ரெண்டு பேருக்கும் கை படிச்சிருக்கு, வாய் படிச்சிருக்கு, கண்ணு மட்டும் இன்னும் ஒண்ணாங்கிளாஸ்." அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று பின்னால்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வண்டி எங்களிடம் வந்தது. பச்சை நிறம், இரண்டே சீட்டு, மேலே துணிக் கூரை, நின்று பார்த்தால் நம் இடுப்பு உயரம். குயிலாப்பாளையம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார். அவர் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பியபோது விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்த ஒருவர் அதை வாங்கினார். மண்டிக்காரருக்கு ஐம்பது வயசுக்கு மேல், நல்ல உடம்பு. உள்ளே உட்கார்ந்தால் வண்டி அவரைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டது போல இருக்கும். ஊர் பிள்ளைகள் அந்த வண்டிக்குத் தவளை என்று பேர் வைத்தார்கள்.

பிரேக்கும் வால்வும் பார்க்கச் சொல்லி விட்டுப்போனார். விட்ட வாரமே எனக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு நான் பாயில் கிடக்க, மாப்ள ஒருத்தனே தவளையைக் கழற்றி மாட்டினான். அதில் இரண்டு கார்புரேட்டர் உண்டு. ஒன்று செத்துப்போயிருந்தது. சாமான் கிடைக்காமல் நம்மூர்க் கார் ஒன்றின் கார்புரேட்டரைத் தனியாக வைத்து ஓட்டிக் கொடுத்துவிட்டான். ஓடியது. ஆனால் பழைய இழுப்பு இல்லை.

அந்த இழுப்பில்தான் வினை பிடித்தது. மண்டிக்காரரின் அண்ணன் மகன் மெட்ராஸில் மோட்டார் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன் தவளையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இந்த மாடல்ல ரெண்டு இஞ்சின் வரும். ஒண்ணு ஆயிரத்து ஐநூறு சிசி, ஒண்ணு ஆயிரத்து முந்நூறு. உங்க ஆர்.சி. புக்குல பெருசுன்னு இருக்கு. இழுக்கறதப் பார்த்தா சின்னது மாதிரி இருக்கே" என்றிருக்கிறான். அந்த இரண்டு இஞ்சினும் அண்ணன் தம்பி மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகஜாடை.

சந்தேகம் வந்ததும் நம்பரைப் பார்த்திருக்கிறார்கள். வண்டி கைமாறும்போது சேஸிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்களே, அதைத்தான் எடுத்தார்கள். பிள்ளைகள் நாலணாவின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பது மாதிரிதான். இஞ்சினின் ஓரத்தில் குத்தியிருந்த நம்பர் ஒன்று. புக்கில் எழுதியிருந்த நம்பர் வேறொன்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து வந்து மாப்ளயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய இஞ்சினைக் கழற்றி மரக்காணத்தில் ஒரு படகுக்கு விற்றுவிட்டு, சின்னதை வைத்துவிட்டான் என்று புகார். படகு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் அந்தப் படகுக்கு நிறம்கூட வந்துவிட்டது. நீலமாம்.

சனிக்கிழமை காலையில் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, உடம்பில் அத்தனை பலவீனம். எஸ்.ஐ. ஒரே பேச்சில் முடித்தார்: "திங்கக்கிழம காலைல வரைக்கும் டைம். இஞ்சின் வரணும், இல்ல இஞ்சின் மாறலன்னு நீ காட்டணும். ரெண்டும் இல்லன்னா கேஸ் எழுதி அனுப்பிடுவேன்."

மாப்ள சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். ஏட்டு ஒருத்தர் கொஞ்சம் தள்ளி நின்றார். நான் பக்கத்தில் குந்தி, காதோரமாகக் கேட்டேன்.

"மாப்ள, எங்கிட்ட மறைக்காத. அதே இஞ்சின்தானே?"

அவன் என்னைப் பார்த்தான். "அவங்க கேக்க சொன்னாங்களா, நீயா கேக்கறியா?"

"நாந்தான் கேக்கறேன்."

"அப்ப தெறந்து பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதே இஞ்சின்தான் என்று அவன் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு விஷயம் மட்டும் விடாமல் கூடவே வந்தது. ஏன் சொல்லவில்லை? சொல்ல முடியாததாலா?

வீட்டில் தங்கச்சி அடுப்பு பற்றவைக்கவில்லை. கையில் ஜெபமாலை. "அண்ணே, அவரு என்ன சொன்னாரு?" என்றது. "தெறந்து பார்க்கச் சொன்னான்" என்றேன். அது பாரம் இறங்கின மாதிரி அழுதது. "அப்படின்னா அவரு எடுக்கலண்ணே. எடுத்திருந்தா தெறக்கச் சொல்லுவாரா?" ஒரே வார்த்தைதான். தங்கச்சி காதில் அது நிரபராதி என்று விழுந்தது. என் காதில் அப்படி விழவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் அவனைப் பாதி நம்பவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கின புதுச் செருப்பு வாசலில் கிடந்தது. அதைப் பார்த்துக்கூட, எப்போது வாங்கினான், எப்படி வாங்கினான் என்று மனசு கணக்குப் போட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி மாதா கோயிலுக்குப் போக, நான் மண்டிக்குப் போனேன். கையில் பிளக் ஸ்பானர், ஒரு டின் கியர் ஆயில், மாட்டு மருந்துக் கடையில் வாங்கின பெரிய ஊசிக் குழாய். மாட்டுக்கு மருந்து ஏற்றுவார்களே, ஐம்பது மில்லி பிடிக்கிறது, அது.

மண்டியில் தவளை மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நின்றது. மண்டிக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாய்யா, திருடன் போனா திருடன் மச்சான் வர்றான்?" என்றார். மூட்டை தூக்குகிற நாலு பேர் சிரித்தார்கள்.

"ஐயா, இஞ்சினை ஒரு தடவ பார்த்துட்டுப் போறேன்."

"இன்னும் இன்னா கீது பார்க்க? மிச்சம் இருக்கறதையும் கழட்டிக்கினு போலாம்னு வந்தியா?"

எனக்கு வாய் மட்டும்தான் ஆயுதம். அதை எடுத்தேன். "ஐயா, ஒரு வண்டி மல்லாட்டை வருது. மூட்டை மேல எழுதியிருக்கற நம்பரப் பார்த்தா வெலை போடுவீங்க? நடுவுல கைய விட்டு ஒரு பிடி எடுத்து, ஒடச்சி, பருப்ப நிறுத்திப் பார்த்துத்தானே போடுவீங்க? இஞ்சினையும் அப்படிப் பார்த்துருவோம். உங்க கண்ணு முன்னாடி, உங்க அண்ணன் பையன் கையால. வெளிய எழுதினத விடுங்க, உள்ள எவ்வளவு புடிக்குதுன்னு அளப்போம்."

மண்டிக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். அளவு என்ற சொல்லுக்கு அவர் காது கட்டுப்பட்டது. "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க. சரி, அள" என்றார். ஆள் அனுப்பி ஸ்டேஷனில் நேற்று நின்ற ஏட்டையும் வரவழைத்தார், சாட்சிக்கு.

இஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, வால்வை அமுக்குகிற கைகளைத் தளர்த்தினேன். இப்போது எல்லா வால்வும் மூடிக்கொண்டன, ஊற்றுவது வெளியே போகாது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை விட்டு, இஞ்சினை ஸ்பானரால் மெதுவாகச் சுற்றினேன். குச்சி எழும்பி எழும்பி வந்து நின்றது. பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். பிளக் ஓட்டை மேலாக நிற்கும்படி, ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்துச் சாய்த்தோம். ஓட்டையின் விளிம்பு வரை கியர் ஆயில் ஊற்றினேன்.

"பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா எறங்கிடும்" என்றான் மெட்ராஸ் பையன்.

"எறங்குதான்னு பார்ப்போம் தம்பி. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

எல்லாரும் டீ குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. வந்து பார்த்தபோது ஆயில் மட்டம் நூலளவுதான் இறங்கியிருந்தது. பையன் தலையாட்டினான். நியாயமான பையன், அதைச் சொல்ல வேண்டும்.

பிறகு குச்சி முழுக்க இறங்கும்வரை இஞ்சினைச் சுற்றினேன். பிஸ்டன் அடிக்குப் போனது, கூடவே ஆயிலும் உள்ளே போனது. இனி விளிம்பு வரை நிரப்ப எத்தனை ஊசி வேண்டுமோ அதுதான் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பையன் தரையில் கரியால் கணக்குப் போட்டுக் காட்டினான். நாலு சிலிண்டருக்கும் வகுத்தால், சின்ன இஞ்சின் என்றால் ஆறரை ஊசி. பெரியது என்றால் ஏழரை.

"ஒரே ஒரு ஊசிதான் வித்தியாசமா?" என்றார் ஏட்டு.

ஒரே ஒரு ஊசிதான்.

பையனே ஊற்றினான், மூட்டை தூக்குகிறவர்கள் கோரஸாக எண்ணினார்கள். மண்டியில் எண்ணுவது அவர்களுக்குப் பழக்கம். ஒண்ணு. ரெண்டு. கியர் ஆயில் தேன் மாதிரி இறங்கும், அவசரமே படாது. மூணு. நாலு. வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சு. ஆறு. ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்றால், நிரம்பிவிட்டால் தங்கச்சிக்கு எப்படிச் சொல்வது என்பதை அல்ல. நிரம்பிவிட்டால் நான் சந்தேகப்பட்டது சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படியும் ஒரு மூலையில் நினைத்தது மனசு.

ஆறரையைத் தாண்டியும் ஓட்டை குடித்துக்கொண்டே இருந்தது. ஏழு என்று கத்தினார்கள். ஏழாவதும் முழுசாக உள்ளே போனது. பையன் எட்டாவதைப் பாதி அழுத்தியபோது விளிம்பில் ஆயில் பளபளவென்று வந்து நின்றது.

"சித்தப்பா, பெரிய இஞ்சின்தான்" என்றான்.

நான் அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும். ஏட்டு தொண்டையைக் கனைத்தார்.

"பெருசுதான், ஒத்துக்கறேன். ஆனா நம்பரு வேறயா இருக்கே? வேற ஒரு பெரிய இஞ்சின வச்சிருந்தா? கேஸுக்கு நம்பருதான் சாட்சி, மாட்டு ஊசி இல்ல."

உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஏற முடியாத மரத்தில் ஏறிப் பாதியில் கிளை ஒடிந்த மாதிரி இருந்தது. மண்டிக்காரர் என்ன நினைத்தாரோ, கல்லாப்பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து என் மடியில் போட்டார். "வண்டியோட பேப்பரெல்லாம் இதுல கீது. நீயே பார்த்துக்க."

வெள்ளைக்காரர் பத்திரமாக வைத்திருந்த காகிதங்கள். எல்லாம் ஆங்கிலம், எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அடியில் முதல் பதிவின் நகல் ஒன்று. எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். அதில் பழைய பென்சில் அச்சே ஒட்டியிருந்தது. புக்கில் இருக்கிற அதே நம்பர். வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் என்னவோ உறுத்தியது.

எழுத்துகள் கறுப்பாக இருந்தன.

நாலணாவைத் தேய்த்தால் தலை கறுப்பாக விழும், ஏனென்றால் அது புடைத்திருக்கிறது. குத்தின நம்பர் பள்ளம். தேய்த்தால் சுற்றி எல்லாம் கறுத்து, நம்பர் மட்டும் வெள்ளையாக நிற்கும். ஆயிரம் அச்சு எடுத்திருக்கிறேன், எல்லாம் வெள்ளை. அப்படியென்றால் இந்த நம்பர் குத்தினது அல்ல, இஞ்சினை வார்க்கும்போதே புடைத்து வந்தது. டீக்கடை அக்கா என் கண்ணைப் பற்றிச் சொன்னது சும்மா இல்லை.

முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று கேட்டேன். ஷேவிங் கண்ணாடி வந்தது. இஞ்சினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்கு அடியில், கண்ணுக்கு நேராகத் தெரியாத இடத்தில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். புடைப்பாக எழுத்துகள் வந்தன. காகிதம் வைத்துத் தேய்த்தேன். கறுப்பு. அச்சுக்கு அச்சு அதே நம்பர்.

அன்றைக்குப் பதிவு செய்தவர், எந்த நம்பர் என்று தெரியாமல் முதலில் கண்ணில் பட்டதைத் தேய்த்து ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் இஞ்சினைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்துக் காகிதம் எழுதினார்கள்.

"அப்ப புக்குல இருக்கறது இஞ்சின் நம்பரே இல்லையா?" என்றார் மண்டிக்காரர். நான் விளக்கினேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. தொடையைத் தட்டிச் சிரித்தார். "மூட்டை நம்பர எழுதறாங்கன்னு பார்த்தா, சாக்கு கம்பெனி பேர எழுதி வச்சிக்கினு கீறானுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டுகூட. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. சாக்கு கம்பெனி பேர் எல்லாச் சாக்கிலும் இருக்கும். வார்ப்பில் வருகிற நம்பர், அந்த வகை இஞ்சின் அத்தனையிலும் இருக்கும். அது பெரிய இஞ்சின் என்பதற்குச் சாட்சி. வெள்ளைக்காரர் கொண்டுவந்த அதே இஞ்சின் என்பதற்குச் சாட்சி இல்லை. மெட்ராஸ் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மண்டிக்காரரே வந்து புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். மாப்ளயின் தோளைத் தட்டி, "மனசுல வச்சிக்காதப்பா" என்றார். மாப்ள கும்பிட்டான். அவன் வாட்ச், பர்ஸ், பெல்ட் எல்லாம் ஒரு காகிதக் கவரில் திரும்பி வந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். ஊசி, டீ, மூட்டைக்காரர்கள் எண்ணியது, சாக்கு கம்பெனி, எல்லாம் நடித்துக் காட்டாத குறை. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். விக்கிரவாண்டி தாண்டினதும் திரும்பினான்.

"வார்ப்பு நம்பரு எல்லா இஞ்சின்லயும் இருக்குமே மச்சான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அவங்களுக்குத் தீந்து போச்சி. உனக்கு?"

தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே, மூச்சு விடாமல். எனக்குப் பேச்சில் பஞ்சம் வந்ததே கிடையாது, ஊரே சொல்லும். ஆனால் நான் ஒரு மூச்சு இழுத்தேன். அந்த ஒரு மூச்சு நேரம் அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு நான் "என்னா மாப்ள இப்படிக் கேக்கற, நீ எடுப்பியா?" என்று சொன்னேன்தான். சத்தமாகவே சொன்னேன்.

கண்டக்டர் வந்தார். "ரெண்டு திண்டிவனம்" என்று நான் சட்டைப்பையில் கை விட்டேன். எப்போதும் நான்தான் எடுப்பேன். மாப்ள காகிதக் கவரைப் பிரித்து, அவன் பர்ஸை வெளியே எடுத்தான்.

"எனக்கு நான் எடுத்துக்கறேன்" என்றான். "நீங்க உங்களுக்கு எடுங்க மச்சான்."

அந்த வருஷமே கண்டமங்கலத்தில் தனியாக ஒர்க்‌ஷாப் போட்டுக்கொண்டு போனான். நல்லது கெட்டதுக்கெல்லாம் வருகிறான், போகிறேன், சண்டை ஒன்றும் கிடையாது. வாசலில் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவான். "வாங்க மச்சான், உக்காருங்க. சாப்டீங்களா?" என்பான். தங்கச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அண்ணனுக்கு இவர் கொடுக்கிற மரியாதையைக் கண்டு சந்தோஷப்படும்.